ஒன்றுக்கு ஐம்பது

காசு கொடுத்துக் கோடு வாங்குகிறவன்
புந்தா அரேனாஸில் நீ ஒருத்தன்தான்
என்றான் மைத்துனன் ரெமிஹியோ.
அட்டைப்பெட்டியின் பின்புறத்தில்
அவனே போட்டுத் தருவானாம், ஒரு ஆட்டுத்தொடைக்கு.
அவன் கட்டிய கொட்டகையை எனக்குத் தெரியும்.
மேல்காற்று அடித்தால்
கதவை ஒரு காலால் மிதித்துக்கொண்டுதான்
வந்தவரை வாங்க என்பான்.

மூன்று பேரைப் பார்த்தோம்.
முதலாமவன் சந்தியாகோவில் கட்டிய
கண்ணாடி வீடுகளைக் காட்டினான்.
ஒரு படத்திலும் ஒரு மரமும் சாயவில்லை.
இரண்டாமவன் நிலத்தைப் பார்க்காமலே விலை சொன்னான்.
மூன்றாவதாக வந்தவள் இவானியா மருசிச்.
கழியொன்றில் சிவப்பு ரிப்பனைக் கட்டி
நிலத்தின் நடுவே ஊன்றிவிட்டு
பத்து நிமிடம் பேசாமல் நின்றாள்.
அவளுக்குக் காது சிவந்தது. எங்களுக்கும்.

கட்டும் செலவில் நூற்றுக்கு ஒன்பது, நாலு தவணை.
கையெழுத்துக்குப் பின் சுவரை நகர்த்தச் சொன்னால்
அதற்குத் தனிக்கூலி.
நாற்பது படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் காசு
என்று மனம் கணக்குப் போட்டது.
பேரம் பேச வாய் திறந்தேன்.
நானும் கழற்றிப் பார்க்கவே காசு கேட்கிறவன்.
மூடிக்கொண்டேன்.

கீழே பட்டறை, மேலே வீடு. நான் கேட்டது அவ்வளவுதான்.
ஆளுக்கொரு தாள் தந்தாள்.
ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

எண்ணெய் வடியக் குழி,
சங்கிலி தொங்க இரும்பு உத்தரம்,
படகு நுழைய மூன்றரை மீட்டர் வாசல்
என்று மளமளவென்று எழுதினேன்.
'வீடு' என்று அடிக்கோடிட்டதும் பேனா நின்றது.
அடுப்பு என்று போட்டேன்.
யோசித்து, கட்டில்.

ஆதெலினா இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.
இருபத்தாறு வருஷத்தில்
மளிகைப் பட்டியலைத் தாண்டி
அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மேசைமேல் படம் விரிந்தது.
என் குழி, என் உத்தரம், எல்லாம் கேட்டபடி.
மாடியில் ஒரு படுக்கையறை.
பக்கத்தில் இன்னொன்று.
"விருந்தாளிக்கா?" என்றேன்.
கூரைத் தகரம் மட்டும் பதில் சொன்னது.
குனிந்து பார்த்தேன்.
நீரிணை தெரியும்படி கிழக்கே ஒரு ஜன்னல்.
நாற்காலி ஒன்றே ஒன்று.
கதவுக் குறிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில்
'உள்ளிருந்து பூட்டு'.

ஆதெலினா கையுறையை
விரல் விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கேட்க எவ்வளவோ இருந்தது.
"இந்தச் சுவர் எவ்வளவு கனம்?" என்று கேட்டேன்.
"இருபது சென்டிமீட்டர். தாளில் நாலு மில்லிமீட்டர்."
"சத்தம் கேட்குமா?"
இவானியா காதில் செருகிய பென்சிலை எடுத்தாள்.
"கேட்க வேண்டுமா, வேண்டாமா?
உள்ளே கம்பளி அடைப்பதென்றால்
இப்போதே சொல்ல வேண்டும்."
நான் ஆதெலினாவைப் பார்த்தேன்.
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
தாளில் இருந்த ஜன்னலை.

நாலு மில்லிமீட்டரின் மேல்
ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள் இவானியா.
முதல் தவணையை எண்ணிக் கொடுத்தேன்.
கீழே என் பெயர். அதற்கும் கீழே,
அழுத்தி எழுதியதில் தாள் மறுபக்கம் புடைக்க,
அவள் பெயர்.

வெளியே, சதுக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள்.
ஒரு கையால் கயிற்றைப் பிடித்து நடந்தோம்.
மறு கையில்
படச் சுருளின் ஒரு நுனி எனக்கு, ஒரு நுனி அவளுக்கு.
வங்கி முனையில் ஏதோ சொன்னாள்.
காற்று வாங்கிக்கொண்டது.
நின்று, கயிற்றை விட்டு,
தொப்பியைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டு,
"என்ன?" என்றேன்.